பறந்து விழுந்த ராக்கெட்டில் பிழை தேடுதல்: அறிகுறி வாரியான வழிமுறை

வடசென்னையில் வளர்ந்த மாணவருக்கு ராக்கெட் கண்ணுக்குப் பழகிய காட்சி. ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் இருக்கிறது, வானம் தெளிந்த நாளில் திருவொற்றியூர் மொட்டைமாடியில் நின்றாலே பி.எஸ்.எல்.வி. மேலெழும் புகைக்கோடு தெரியும். ஆனால் நாம் செய்யும் சிறு ராக்கெட்டை இங்கே ஏவ முடியாது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள், இவற்றுக்கு இடையே தெருவுக்குத் தெரு குடியிருப்புகள் என்று இருக்கும் பகுதி இது. ஆகவே செய்வது வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும், பறப்பது அனுமதி பெற்ற வேறொரு திறந்தவெளியில், அதுவும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே. ஒரு பறப்பில் நேர்ந்த பிழையைத் திருத்திவிட்டோமா என்பது மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த பறப்பில்தான் தெரியவரும் என்பதால், காரணத்தைத் தவறாகக் கணித்தால் ஓர் அணியின் ஓராண்டு உழைப்பு போய்விடுகிறது. எங்கள் அணியில் அப்படி ஓராண்டு போயிருக்கிறது. பின்னால் வரும் மாணவர்களுக்கு அது நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுபவை 75 முதல் 100 மி.மீ. விட்டமும், 2 முதல் 5 கிலோ எடையும், 1 கி.மீ. அளவுக்கு ஏறும் திறனும் கொண்ட ராக்கெட்டுகளுக்குப் பொருந்தும். மோட்டாரின் எரிபொருள் இந்த வழிமுறையில் இடம்பெறாது. அது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்ட பொருள். உரிமம் பெற்றவரும் பொறுப்புப் பேராசிரியரும் மட்டுமே கையாள வேண்டியது. மோட்டாரில் கோளாறு என்று தோன்றினால் அதைத் திறக்காமல் அவர்களிடம் ஒப்படைப்பதே மாணவர் செய்ய வேண்டிய வேலை.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சேதம் எங்கே பெரிதாக இருக்கிறதோ அங்கேதான் காரணமும் இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, காலவரிசையில் முதலில் பிசகியது எது என்று தேடுங்கள். மூக்குக் கூம்பு நொறுங்கியிருப்பது தரையில் மோதிய கடைசி நொடியின் விளைவு. அதற்குக் காரணமானது பதினைந்து நொடிகளுக்கு முன்னால், பெரும்பாலும் ஒரு சிறிய பொருளில், நடந்து முடிந்திருக்கும்.

கைவைப்பதற்கு முன்

விழுந்த இடத்துக்கு முதலில் செல்பவர் ஒருவராகவே இருக்கட்டும். உச்சியில் குழாயைப் பிரித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும் பிரிப்பு அமைப்பு இன்னும் இயங்காமல் உள்ளே இருக்கலாம். நசுங்கிய லித்தியம் பாலிமர் பேட்டரி சிறிது நேரம் கழித்துத் தீப்பற்றலாம். அவர் முகத்தையும் கைகளையும் ராக்கெட்டின் இரு முனைகளுக்கு நேரே கொண்டுசெல்லாமல் பக்கவாட்டில் நின்று, மின் சுவிட்சு எந்த நிலையில் இருக்கிறது, விளக்கு எரிகிறதா, ஒலி எழுகிறதா என்று குறித்துக்கொண்ட பிறகே அதை அணைக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மணல் வாளியில் வைக்க வேண்டும்.

பிறகு நான்கு பக்கமும் படம் எடுங்கள். சிதறிய ஒவ்வொரு துண்டும் கிடந்த இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறியுங்கள். ஒரு வால்சிறகு மட்டும் உடலுக்கு 200 மீட்டர் முன்னால் கிடந்தால் அது வானத்திலேயே கழன்றது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. எல்லாவற்றையும் பொறுக்கி ஒரே சாக்கில் போட்டு எடுத்துவந்துவிட்டால் அந்தச் சாட்சி அழிந்துவிடும். இன்னொன்று: ராக்கெட்டுக்குள் பறப்பைப் பதிவு செய்யும் மின்சுற்றுக்காக மாணவர்களே எழுதிய நிரல்கள் சில, மின்சாரம் கிடைத்த உடனே புதிய பதிவைத் தொடங்கிப் பழையதன்மேல் எழுதிவிடும். பதிவை நகலெடுக்கும் வரை மின்சுற்றுக்கு மறுபடியும் மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

பொத்தானை அழுத்தியும் மோட்டார் எரியவில்லை

முதல் வேலை ஏவும் பெட்டியின் சாவியை எடுத்துவிட்டுக் காத்திருப்பது. மாதிரி ராக்கெட் பாதுகாப்பு விதிகளே குறைந்தது 60 நொடி என்கின்றன. நாம் செய்யும் அளவுக்கு அதைவிட நெடுநேரம் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைக் களப் பாதுகாப்பு அலுவலர் சொல்வார். அவர் சொல்லாமல் யாரும் ஏவுதளத்தை நோக்கி நடக்கக்கூடாது.

காரணம் பெரும்பாலும் ஒயரில் இருக்கும். 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் 12.4 காட்டுவது எதையும் நிரூபிக்காது. மின்னோட்டம் செல்லும்போது எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஏவுதளம் 30 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 60 மீட்டர் ஒயர். 0.75 சதுர மி.மீ. செம்பு ஒயரில் அதன் மின்தடை ஏறத்தாழ 1.5 ஓம். அதே தொலைவுக்கு 0.2 சதுர மி.மீ. அழைப்புமணி ஒயரைப் பயன்படுத்தினால் 5 ஓமுக்கு மேல் போய்விடும். மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டருக்குச் சேர வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி ஒயரைச் சூடாக்குவதிலேயே முடிந்துவிடும். பேட்டரியை ஏவுதளத்தின் அருகிலேயே வைத்து, அதை இயக்கும் ரிலேவுக்கு மட்டும் நீண்ட ஒயரைக் கொண்டுசெல்வது இதற்கு நிலையான தீர்வு.

கடற்கரையை ஒட்டிய பட்டறைகளில் முதலை வாய்க் கிளிப்புகள் சில வாரங்களிலேயே பச்சை பூத்துவிடுகின்றன. ஒவ்வொரு ஏவுதலுக்கு முன்னும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, இரண்டு கிளிப்புகளும் ஒன்றையொன்றோ தீத்தடுப்புத் தகட்டையோ தொடவில்லை என்று பாருங்கள். இக்னைட்டர் எரிந்தும் மோட்டார் பற்றவில்லை என்றால், அது மோட்டாருக்குப் பொறுப்பானவர் பார்க்க வேண்டியது.

ரெயிலை விட்டதும் சாய்ந்தது

ரெயில் என்பது ஏவும்போது ராக்கெட்டைப் பிடித்து வழிநடத்தும் நீண்ட தண்டு. அதை விட்டதும் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதுதான் முதல் கேள்வி. காற்று வரும் திசையை நோக்கிச் சாய்ந்து, பிறகு அந்தச் சாய்விலேயே நேராகப் பறந்திருந்தால் ராக்கெட் நிலைப்புத்தன்மை உடையதே. ரெயிலை விடும்போது வேகம் போதவில்லை. காற்று எந்தப் பக்கம் வீசினாலும் ஒவ்வொரு பறப்பிலும் தன் உடலின் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் உந்துவிசை அச்சோ சிறகோ கோணலாக இருக்கிறது. சுருண்டு, தலைகீழாகப் புரண்டிருந்தால் மட்டுமே ஈர்ப்பு மையத்தையும், காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியான அழுத்த மையத்தையும் சந்தேகிக்க வேண்டும். இந்த மூன்றையும் பிரிக்காமல் "நிலைப்பு போதவில்லை" என்று பெரிய சிறகுகளை ஒட்டுவது நாங்கள் பலமுறை பார்த்த தவறு. முதல் வகைக் கோளாறில் பெரிய சிறகு காற்றை இன்னும் அதிகமாகப் பிடித்துச் சாய்வைக் கூட்டிவிடும்.

வேகக் கணக்கு எளியது. உந்துவிசை எடையைப் போல் 5 மடங்கு இருந்தால் புவியீர்ப்புக்குப் போக எஞ்சும் முடுக்கம் 4 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 4 மடங்கு); 3 மீட்டர் ரெயிலின் முனையில் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர். பக்கக் காற்று நொடிக்கு 5 மீட்டர் என்றால் ராக்கெட் உணரும் காற்றின் கோணம் 18 பாகை. ரெயில் பாதியாகக் குறைந்தால் வேகம் 11 மீட்டருக்குக் கீழே இறங்கி, கோணம் 25 பாகையை எட்டிவிடும். ரெயிலின் முழு நீளத்தையும் கணக்கில் சேர்க்கக்கூடாது. ராக்கெட்டை ரெயிலோடு கோக்கும் இரண்டு வழிகாட்டிப் பொத்தான்களில் மேலுள்ளது ரெயிலை விட்ட கணத்திலேயே ராக்கெட் சாயத் தொடங்கும் என்பதால், அதுவரை நகர்ந்த தூரம் மட்டுமே பயனுள்ள நீளம். சென்னை வட்டாரத்தில் கோடைக்காலக் கடற்காற்று முற்பகல் முடியும் நேரத்தில் கிளம்பி உள்நோக்கி வீசும். அதற்கு முந்திய அதிகாலை அமைதியில் ஏவ அனுமதி கேட்பது எந்தத் திருத்தத்தையும்விடப் பயன் தந்திருக்கிறது.

ஒரே பக்கமாகச் சாயும் கோளாறைப் பற்றி, எங்களுக்கு அலுமினிய வளையங்கள் கடைந்து தரும் வியாசர்பாடி லேத் பட்டறை அண்ணன் ஒருமுறை கேட்ட கேள்வி இன்றும் எங்கள் சோதனைப் பட்டியலில் இருக்கிறது: "தம்பி, ரெண்டு ஓட்டையையும் ஒரே முனையில இருந்து அளந்தீங்களா, இல்ல ஒண்ண மேல இருந்தும் ஒண்ண கீழ இருந்தும் அளந்தீங்களா?" நாங்கள் இரு முனைகளிலிருந்தும் அளந்திருந்தோம். குழாயை வெட்டிய கோணல் அவ்வளவும் பொத்தான்களின் வரிசையில் வந்து சேர்ந்திருந்தது. அலுமினிய எல் கோணப்பட்டையைக் குழாயின்மேல் படுக்க வைத்து நீளவாக்கில் ஒரு கோடு இழுத்து, பொத்தான்களுக்கும் சிறகுகளுக்கும் அந்த ஒரு கோட்டையே அடிப்படையாகக் கொண்டால் இது வராது.

உண்மையிலேயே புரண்டிருந்தால், ஈர்ப்பு மையத்தை எரிபொருள் நிரம்பிய மோட்டாருடன் அளந்தீர்களா என்று முதலில் பாருங்கள். காலி மோட்டாரோடு அளந்த ராக்கெட் மேசைமேல் சமநிலையாகத் தெரிந்து, ஏவும்போது வால் கனத்து நிற்கும். ஜேம்ஸ் பாரோமன் 1960களில் வகுத்த முறையும், 2009இல் சாம்போ நிஸ்கானென் தம் முதுநிலை ஆய்வாக உருவாக்கிய ஓப்பன்ராக்கெட் மென்பொருளும் அழுத்த மையத்தைக் கணக்கிட்டுத் தருகின்றன. ஈர்ப்பு மையம் அதற்கு, உடற்குழாயின் விட்டத்தைப் போல் ஒன்று முதல் இரண்டு மடங்கு தூரம் முன்னால் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஒல்லியான நீண்ட ராக்கெட்டுக்கு ஒரு விட்டம் போதாது என்பது என் கருத்து. காற்று சாய்கோணத்தில் படும்போது உடற்குழாயும் தூக்குவிசை தருவதால் அழுத்த மையம் முன்னோக்கி நகர்ந்துவிடுகிறது.

வால்சிறகு வானத்திலேயே உடைந்தது

வேகம் உச்சத்தில் இருந்த நேரத்தில் உறுமல் போன்ற ஒலி கேட்டிருந்தால், அல்லது உடலில் பொருத்திய கேமராவில் சிறகின் விளிம்பு மங்கலாகத் தெரிந்திருந்தால், அது படபடப்பு அதிர்வு. இதைத் தாங்கும் வேகம் தடிமனின் 1.5 அடுக்குக்கு (தடிமன்^1.5) ஏற்ப உயர்கிறது; 2 மி.மீ. பலகையை 3 மி.மீ. ஆக்கினால் தாங்கும் வேகம் ஏறத்தாழ 1.8 மடங்காகும். ஆகவே பசையை மாற்றுவதற்கு முன் தடிமனை மாற்றுங்கள். வேரோடு சுத்தமாகப் பெயர்ந்து, குழாயின் பூச்சைமட்டும் உரித்துக்கொண்டு வந்திருந்தால் ஒட்டும் முன் மேற்பரப்பைத் தேய்க்கவில்லை என்று பொருள். முப்பரிமாண அச்சில் பி.எல்.ஏ. இழையால் செய்த சிறகு 60 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகும். மே மாதத்தில் வேனுக்குள் இரண்டு மணி நேரம் பூட்டி வைத்தால் அது ஏவுதளத்துக்கு வருவதற்கு முன்பே வளைந்திருக்கும்.

உச்சிக்கு முன்பே திறந்துகொண்டது

நிரல் பிழை என்று எல்லோரும் முடிவு கட்டும் இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் நிரலுக்குத் தொடர்பே இல்லாத இரண்டு காரணங்கள் உண்டு. பதிவில், பிரிப்புக் கட்டளை போவதற்கு முன்பே அழுத்தமும் முடுக்கமும் தாவியிருந்தால் இவற்றில் ஒன்றே நடந்திருக்கிறது.

முதலாவது, அடைபட்ட காற்று. 1,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையைவிட ஏறத்தாழ 11 கிலோபாஸ்கல் குறைவு. பாராசூட் அறைக்குக் காற்றுப்போக்குத் துளை இல்லாவிட்டால், உள்ளே தரைமட்டக் காற்று அப்படியே நிற்கும், 75 மி.மீ. விட்டக் குழாயில் அது மூக்குக் கூம்பை 49 நியூட்டன் விசையோடு, அதாவது 5 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போல, வெளியே தள்ளும். 3 மி.மீ. துளை ஒன்று போதும். பெயின்ட் அடித்த பிறகு அந்தத் துளை அடைபட்டிருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பாருங்கள்.

இரண்டாவது, மோட்டார் அணைந்த கணத்தில் சிறகுகள் உள்ள பின்பகுதி காற்றின் தடையால் வேகம் குறைய, கனமான முன்பகுதி தன் வேகத்திலேயே சென்று கழன்றுவிடுவது. இது நடந்திருந்தால் திறந்த நேரமும் மோட்டார் அணைந்த நேரமும் ஒன்றாக இருக்கும். மெல்லிய நைலான் திருகுகளைத் தடுப்பாகப் போட்டால் சரியாகும்; போட்ட பிறகு பிரிப்பு அமைப்பு அவற்றை முறிக்குமா என்று தரையில் சோதித்தே ஆக வேண்டும்.

உச்சியில் திறக்கவேயில்லை

ராக்கெட் அம்புபோல் நேராக இறங்கி மண்ணில் புதைந்துபோகும் இந்த அறிகுறிதான் ஓர் அணியின் மனத்தை மிகவும் உடைப்பது. அவசர முடிவுகள் அதிகம் எடுக்கப்படுவதும் இதில்தான். பாராசூட்டைத் தொடாதீர்கள். பதிவைத் திறந்து, இறுதி நிலை நான்கில் எதுவென்று பாருங்கள்: பதிவு பாதியில் நின்றதா, உச்சியை நிரல் கண்டுகொள்ளவில்லையா, கண்டுகொண்டும் கட்டளை வெளியே போகவில்லையா, கட்டளை போயும் குழாய் பிரியவில்லையா.

பதிவு பாதியில் நின்றிருந்தால், எந்த நொடியில் நின்றது என்பதே விடை. எங்கள் முதல் பெரிய ராக்கெட் புதைந்தபோது ஒரு மாதம் பாராசூட்டை மறுபடி மறுபடி தைத்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் ஒரு தங்கை பதிவுக் கோப்பின் கடைசி வரியைக் கவனித்தாள்: மோட்டார் பற்றி அரை நொடிகூட ஆகாத நேரத்தில் பதிவு முடிந்திருந்தது. பென்சில் செல்களை ஸ்பிரிங் வைத்த பெட்டியில் போட்டிருந்தோம். ஒரு ஏஏ செல்லின் எடை ஏறத்தாழ 23 கிராம். 10 ஜி முடுக்கத்தில் அது ஸ்பிரிங்கை 2.3 நியூட்டன் விசையோடு அழுத்தும். இரண்டு மூன்று செல்கள் வரிசையாக நின்றால் அத்தனை எடையும் கீழ் ஸ்பிரிங்கின்மேல் இறங்கி, மேல்முனையில் தொடுகை விட்டுப்போகும். ஒரு கண நேர மின்தடையே நுண்கட்டுப்படுத்தியை மறுதொடக்கம் செய்துவிடும். மறுபடி விழித்த நிரல் தான் தரையில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு ஏவுதலுக்காகக் காத்திருக்கும். ராக்கெட் விழும் வரை அது காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒயர்களை நேரடியாகப் பற்றவைத்த அல்லது பூட்டுள்ள கனெக்டர் வைத்த பேட்டரி, சர்க்யூட் பலகையில் ஒரு பெரிய மின்தேக்கி, ஜம்பர் ஒயர்களுக்கு முழுத் தடை: இம்மூன்றையும் அன்றிலிருந்து மாற்றவே இல்லை. சர்வோ மோட்டாரையும் நுண்கட்டுப்படுத்தியையும் ஒரே மின்வழியில் இணைத்திருந்தால், சர்வோ திணறும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து இதே அறிகுறி வரும். அப்போது பதிவு நிற்கும் நொடி உச்சிக்கு அருகில் இருக்கும்.

உச்சியைக் கண்டுகொள்ளவில்லை என்றால், காற்றழுத்த உணரியைப் பாருங்கள். மின்னணு அறைக்கு ஒரே ஒரு துளை இருந்தால், அந்தப் பக்கம் காற்று படும்போது அழுத்தம் கூடி, எதிர்ப்பக்கம் திரும்பும்போது குறையும். உயரம் ஏறி இறங்குவதாக நிரல் ஏமாந்துபோகும். சம இடைவெளியில் மூன்று அல்லது நான்கு துளைகள் வேண்டும். அவை மூக்குக் கூம்பின் இணைப்பிலிருந்து நான்கு விட்டமாவது கீழே இருக்க வேண்டும். சில உணரிகள் நேரடி வெயில் பட்டாலே தவறான அளவு காட்டும் என்பதால், துளை வழியாக ஒளி உணரியின்மேல் விழாதபடி ஒரு துண்டு நுரைப்பஞ்சை வையுங்கள். தரையிலேயே சோதிக்க முடியும்: மூடியுள்ள கண்ணாடிச் சாடிக்குள் மின்சுற்றை வைத்து, பெரிய சிரிஞ்சால் காற்றை மெதுவாக இழுத்துப் பிறகு விட்டால், அது பறந்து இறங்கியதாக எண்ணிக் கட்டளை இட வேண்டும். ஒரு பல்பை வெளியீட்டில் இணைத்தால் கட்டளையைக் கண்ணாலேயே பார்க்கலாம். பத்து முறை செய்து பத்து முறையும் எரிந்த மின்சுற்றையே நாங்கள் பறக்க விடுகிறோம்.

உணரி சரியாக இருந்தும் அதை நிரல் எப்படி மதிப்பிடுகிறது என்பதில் பிழை வரலாம். 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சிறு செயற்கைக்கோள் ஏவுவாகனமான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பறப்பில், இரண்டாம் நிலை பிரிந்தபோது எழுந்த குறுகிய நேர அதிர்வு முடுக்கமானிகளின் அளவெல்லையைத் தாண்டியது. அவை பழுதாகிவிட்டதாகக் கணினியின் தர்க்கம் முடிவு செய்ததால், செயற்கைக்கோள்கள் நிலைக்க முடியாத 356க்கு 76 கி.மீ. பாதையில் விடப்பட்டன. அந்தப் பெரிய ராக்கெட்டுக்கு நேர்ந்தது நம் சிறிய ராக்கெட்டுக்கும் அப்படியே பொருந்தும். ஒரு அளவீடு எல்லை மீறிய ஒரு கணத்தைக் கொண்டு நிரல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது. தொடர்ச்சியான பல அளவீடுகள் உயரம் குறைவதைக் காட்ட வேண்டும். அவை எதுவும் கைகொடுக்காவிட்டால், கணித்த உச்சி நேரத்துக்கு ஓரிரு நொடி கழித்து ஒரு கடிகாரம் தானாகக் கட்டளை இட வேண்டும்.

கட்டளை வெளியே போகவில்லை என்பது ஒயரிங் கோளாறு. மல்டிமீட்டரால் பத்து நிமிடத்தில் தீரும்.

கட்டளை போயும் குழாய் பிரியாதது பெரிய ராக்கெட்டுகளுக்கும் நேர்ந்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 31 அன்று பி.எஸ்.எல்.வி.-சி39இன் வெப்பக்கவசம் பிரியாமல், வழிகாட்டிச் செயற்கைக்கோள் உள்ளேயே அடைபட்டுப்போனது. நமக்கு இதன் முதன்மைக் காரணம் ஈரம். அட்டைக் குழாயும் ஒட்டுப்பலகை வளையமும் வடசென்னைக் காற்றில் ஓரிரவு இருந்தாலே உப்பிவிடுகின்றன. முந்தைய மாலை வழுவழுப்பாகச் சறுக்கிய இணைப்பு, விடியற்காலையில் கையால் இழுத்தாலும் வராது. இணைப்புப் பகுதியில் மெல்லிய எபாக்ஸி பூசித் தேய்த்து ஈரம் புகாமல் தடுங்கள். பிரிய எவ்வளவு விசை தேவை என்பதை, மீன் எடை போடும் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, ஏவும் நாள் காலையில், ஏவும் இடத்திலேயே அளந்து குறியுங்கள். தடுப்புத் திருகு இல்லாத ராக்கெட்டானால், மூக்கைப் பிடித்துத் தூக்கும்போது கழலக்கூடாது, லேசாக உதறினால் கழல வேண்டும்.

பாராசூட் வெளியே வந்தும் வேகமாக விழுந்தது

விரியவில்லையா, விரிந்தும் போதவில்லையா என்பதை வீடியோவில் பாருங்கள். போதவில்லை என்றால் அது பரப்பளவுக் கணக்கு: 2 கிலோ ராக்கெட் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்க, சாதாரணத் தட்டைப் பாராசூட் ஏறத்தாழ 1.8 சதுர மீட்டர், அதாவது 1.5 மீட்டர் விட்டம் இருக்க வேண்டும்.

விரியவில்லை என்றால் மடிப்பில்தான் பிழை. முந்தின நாளே மடித்து அடைத்த நைலான் துணி ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏவும் காலையில் மடியுங்கள், மடிப்புகளுக்கு இடையே முகப்பவுடர் தூவுங்கள். கயிறுகள் முறுக்கிக்கொண்டிருந்தால், பாராசூட்டுக்கும், அதை ராக்கெட்டோடு இணைக்கும் இழுகயிற்றுக்கும் நடுவே ஒரு சுழலும் கொக்கி வேண்டும். காசிமேட்டில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் பெரிய மீனுக்கான எஃகுச் சுழல்கொக்கிகள் கிடைக்கின்றன, தாங்கும் எடையைக் கேட்டு வாங்குங்கள். நல்ல நைலான் கயிறும் அங்கேயே கிடைக்கும். சிக்கல் இல்லாமல் நீளமான பின்னலை மடித்து வைப்பதும், இழுத்ததும் தடையின்றி அவிழச் செய்வதும் அங்கே வலை மடிக்கும் பெரியவர்களின் அன்றாட வேலை. அவர்கள் அருகில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்ப்பதை ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்கு நாங்கள் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

குழாயின் வாய் நீளவாக்கில் கிழிந்திருந்தால், தாமதமாகத் திறந்து, வேகத்தில் இழுபட்ட கயிறு கத்திபோல் அறுத்திருக்கிறது. முதலில் தாமதத்தைச் சரிசெய்யுங்கள். அதோடு கயிற்றின் நீளத்தை ராக்கெட்டின் நீளத்தைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு ஆக்குங்கள்.

பதிவில் வரைகோட்டின் உச்சி தட்டையாக இருக்கிறது, அல்லது கோப்பே காலி

முடுக்க வரைகோடு சரியாக 2 ஜி அளவில் வெட்டியதுபோல் நின்றிருந்தால், எம்.பி.யு.6050 உணரியின் தொடக்க அமைப்பை மாற்ற மறந்துவிட்டீர்கள். அதை 16 ஜி வரை உயர்த்தலாம். 16இலும் தட்டையாக நின்றால், 200 ஜி வரை அளக்கும் ஏ.டி.எக்ஸ்.எல்.375 போன்ற வேறு உணரி தேவை.

கோப்பின் அளவு சுழியம் என்றால், எழுதியது அட்டைக்குப் போய்ச் சேருமுன் மின்சாரம் நின்றுவிட்டது. மெமரி கார்டு சில நேரங்களில் ஒருமுறை எழுதுவதற்கே 100 மில்லிநொடிக்கு மேல் எடுத்துக்கொண்டு நிரலையும் நிறுத்தி வைக்கும். பறக்கும்போது பலகையில் பற்றவைத்த ஃபிளாஷ் சில்லில் எழுதி, இறங்கிய பிறகு கார்டுக்கு மாற்றுவதே நம்பத்தக்கது.

டெலிமெட்ரி துண்டானது

டெலிமெட்ரி என்பது பறக்கும் ராக்கெட் வானொலி வழியே தரைக்கு அனுப்பும் தகவல். அது ஆரம்பத்திலிருந்தே 100 மீட்டருக்கு மேல் வரவில்லை என்றால் ஆன்டெனாவை அளந்து பாருங்கள். இந்தியாவில் தனி உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட 865–868 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குக் கால் அலைநீளம் 8.7 செ.மீ.; 433 மெகாஹெர்ட்ஸுக்கு 17.3 செ.மீ. கடைகளில் இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து போட்டிருப்பார்கள். ராக்கெட் தலைக்கு நேர்மேலே சென்றபோது மட்டும் துண்டானால் அது இயல்பே: செங்குத்தாக நிற்கும் ஆன்டெனாவால் தன் அச்சின் திசையில் கேட்க முடியாது. தரைநிலையத்தைத் தள்ளி வைத்து, ஆன்டெனாவைச் சாய்த்துப் பிடியுங்கள். கரியிழைக் குழாய்க்குள் ஆன்டெனாவை வைத்திருந்தால் வேறு சோதனையே வேண்டாம், கண்ணாடியிழைப் பகுதிக்கு மாற்றுங்கள். மோட்டார் எரியும்போது மட்டும் ஜி.பி.எஸ். நிலையை இழந்து பிறகு மீண்டால், முடுக்கத்தைத் தாங்கும் பறப்பு அமைப்புக்கு அதை மாற்றவில்லை என்று பொருள்.

அல்டிமீட்டர் காட்டிய உயரம் கணிப்போடு ஒத்துவரவில்லை

ராக்கெட்டைக் குறை சொல்லும் முன் காற்றைக் கணக்கில் எடுங்கள். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் சொல்லும் அல்டிமீட்டர்களில் பெரும்பாலானவை தரையில் 15 பாகை செல்சியஸ் என்று கொண்டே உயரத்தைக் கணக்கிடுகின்றன. 33 பாகை உள்ள நாளில் காற்று விரிந்திருப்பதால், 1,000 மீட்டர் என்று காட்டினால் உண்மையில் 1,060 மீட்டருக்கு அருகில் ஏறியிருக்கும். தரை அழுத்தத்தைக் காலை 10 மணிக்குப் பதித்துவிட்டு மாலை 4 மணிக்கு ஏவினாலும் பிழை வரும். நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. காலை 10 மணி உச்சத்துக்கும் மாலை 4 மணித் தாழ்வுக்கும் இடையே சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் வேறுபடும். அது 25 மீட்டருக்குச் சமம். இவற்றைக் கழித்த பிறகும் 200 மீட்டர் குறைந்தால், ஏவுவதற்குச் சற்று முன் எடுத்த எடையை மென்பொருளில் உள்ளிட்டீர்களா என்று பாருங்கள். பெயின்டும் எபாக்ஸியும் கடைசி நேரத் திருகுகளும் சேர்ந்து 300 கிராம் கூடியிருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

சரியாக இறங்கியும் ராக்கெட் கிடைக்கவில்லை

1,000 மீட்டரில் பெரிய பாராசூட் விரிந்து நொடிக்கு 5 மீட்டரில் இறங்கினால் 200 நொடி காற்றில் இருக்கும். 6 மீட்டர் காற்றில் 1.2 கி.மீ. தள்ளிப்போகும். உச்சியில் சிறு பாராசூட்டும் தரைக்கு 150 மீட்டர் மேலே பெரியதும் விரியுமாறு அமைத்தால் தேடும் தொலைவு வெகுவாகக் குறையும். ஆனால் பிரியும் இணைப்பு ஒன்றுக்கு இரண்டாகிறது. மேலே சொன்ன தராசுச் சோதனையையும் சாடிச் சோதனையையும் இரண்டுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். ஒரு பறப்புக்கும் அடுத்த பறப்புக்கும் நடுவில் இது போன்ற மாற்றம் ஒன்றை மட்டும் செய்யுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ராக்கெட் நன்றாக இறங்கினால், எது சரிசெய்தது என்பது அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.